கொடி இறங்காத ஊர்

வடத்தைத் தொடாதே என்று சொன்னவன் நான். அதனால் எங்கள் ஊரில் பதினோரு வருஷம் ஒருத்தரும் சாகவில்லை.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன், குறுக்கே கேட்காதீர்கள்.

ஊர் கொற்றனேரி. அம்மன் கோயில், அதைச் சுற்றித் தேர் ஓடும் வீதி நான்கு, ஆனி மாசம் பத்து நாள் திருவிழா. கொடி ஏற்றி ஊருக்குக் காப்புக் கட்டிய நாளிலிருந்து, தேர் நாலு வீதியும் சுற்றித் தன் நிலைக்கு வந்துசேர்ந்து, கொடியை இறக்குகிற நாள் வரைக்கும் எமன் எங்கள் ஊர்க்காரன் யாரையும் தொடமாட்டான், அது அவன் அம்மனுக்குக் கொடுத்த வாக்கு என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பத்து நாள் சமாச்சாரம். பத்து நாள் சாவில்லாமல் இருப்பது பெரிய விஷயமா? யாரும் அதைச் சோதித்துப் பார்த்ததில்லை.

முதல் வடம் எங்கள் குடும்பத்து உரிமை. சிவப்புப் பட்டில் ஒரு துண்டு, பரிவட்டம் என்போம், அதைத் தலையில் கட்டியவன் கையைக் காட்டினால்தான் மற்றவன் வடத்தைத் தொடலாம், அந்த மற்றவனும் நாலு வீதியில் பிறந்த ஆம்பளையாக இருக்கவேண்டும். என் தாத்தா கையைக் காட்டியபோது வடத்தில் அறுநூறு பேர் நின்றார்கள். அப்பா காட்டியபோது நானூறு. எனக்கு எண்பது வயதான அந்த ஆனியில் நான் கையைக் காட்டிவிட்டுத் திரும்பி எண்ணினேன்: நாற்பத்தொரு பேர், அதில் முப்பத்திரண்டு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், ஏழு பேர் கையில் கம்பு. மிச்சப் பேர் சென்னையில், பெங்களூரில், துபாயில், டொராண்டோவில். போன இடத்தில் ஆளுக்கு ஒரு பிள்ளை பெற்றுக்கொண்டார்கள், சிலர் அதுவும் பெறவில்லை, அந்தப் பிள்ளைகளுக்கு எங்கள் தேர் செல்போனில் வருகிற படம்.

நாற்பத்தொரு கிழவன் இழுத்தோம். கிழக்கு வீதி போனது, தெற்கு வீதி போனது, மேல வீதியில் திரும்பி என் வீட்டு வாசலுக்கு நேராக வந்து தேர் நின்றது. நின்றது நின்றதுதான்.

வாய்க்காலுக்கு அக்கரைத் தெருக்காரர்கள், நாங்கள் ஒருநாளும் வடத்தைத் தொட விடாதவர்கள், வீதி முக்கில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் இசக்கிராஜ் என்று ஒருவன் வந்து சொன்னான்.

"பாட்டையா, நாங்க நூறு பேரு நிக்கோம். சொல்லுங்க, புடிச்சிருதோம்."

"உங்க சோலியப் பாத்துப் போங்கடே."

"தேரு வெயில்ல நிக்கி பாட்டையா."

"நிக்கட்டும்."

கோயில் அதிகாரி என் காதருகே வந்து, சட்டப்படி யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்றார். சட்டத்தைக் கொண்டுவந்து இழுக்கச் சொல்லும் என்றேன். அவர் மறுமாசமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அக்கரைத் தெருக்காரர்கள் ஒரு மணி நேரம் நின்றார்கள், பிறகு போனார்கள், வீதியை விட்டு மட்டுமில்லை, திருப்பூர், கோட்டயம் என்று வேலை தேடி ரெண்டு வருஷத்தில் ஊரைவிட்டே போனார்கள். மானமுள்ளவன் போகத்தானே செய்வான். அந்த நூறு பேரைப் போக விட்டதும் நான்தான்.

ஜேசிபி வைத்துத் தள்ளிப் பார்த்தோம். ஜேசிபி பின்னால் போனது, தேர் முன்னால் போகவில்லை. மனுஷக் கைக்குத்தான் நகரும் என்று தெரிந்துபோனது. தேருக்காக அவிழ்த்த கரண்டு ஒயரைத் திரும்பக் கட்ட முடியாமல் மேல வீதி நாற்பது நாள் இருட்டில் கிடந்து, அப்புறம் மின்வாரியம் பூமிக்கடியில் கேபிள் போட்டது. தேர் நின்றதால் கொடி இறங்கவில்லை. கொடி இறங்காததால் எமன் வரவில்லை.

இதை ஊர் கண்டுகொள்ள மூன்று மாசம் ஆனது. ஆவணியில் ஒருவர் கிணற்றில் விழுந்து, ஒரு மணி நேரம் தண்ணீருக்கடியில் இருந்துவிட்டு, ஈர வேட்டியைப் பிழிந்தபடி வீட்டுக்கு நடந்து வந்து காப்பி கேட்டார். ஐப்பசியில் ஒரு அம்மாளுக்கு மூச்சு நின்று, சங்குக்காரனுக்குச் சொல்லி அனுப்பி, பந்தல் காலும் நட்ட பிறகு, எழுந்து உட்கார்ந்து அடுப்பில் வைத்த பால் என்னாச்சு என்றாள். அப்புறம் சங்குக்காரன் வேறே ஊர் பார்த்துப் போனான். பிணம் வைக்கிற கண்ணாடிப் பெட்டியை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சுடலைமணி, பெட்டி சும்மா கிடக்கிறதே என்று அதில் மோர் பாக்கெட்டும் குச்சி ஐசும் வைத்து விற்றான், நாங்களும் வாங்கித் தின்றோம்.

முதல் மூன்று வருஷம் கொண்டாட்டம்தான். பொய் சொல்லமாட்டேன். நூறு வயது முடிந்தவர்களுக்குக் கோயிலில் மாலை போட ஆரம்பித்து, மாலை கட்டி மாளாமல் நிறுத்தினோம். வீதியில் பத்தடிக்கு ஒரு பெஞ்சு போட்டோம், பிள்ளையில்லாமல் மூடிய பள்ளிக்கூடத்துப் பெஞ்சுகள்தான் அவை. காது கேளாதவன் பெருகப் பெருக ஊரே சத்தமாகப் பேசப் பழகியது, ஒரு வீட்டுச் சண்டையை நாலு வீதியும் கேட்டுத் தீர்ப்புச் சொன்னது. துபாயில் இருந்தவன் ரிட்டயராகி வந்து அப்பனுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்தான், தொண்ணூற்றாறு வயது அப்பன் எழுபது வயது மகனுக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்தான். மெட்ராசிலிருந்து மருத்துவக் குழு வந்து எல்லாரிடமும் ரத்தம் எடுத்துப் போய், எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதி அனுப்பியது. கணக்கெடுப்புக்கு வந்த டீச்சர் நாலு வீதியிலும் அறுநூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் எழுபதைத் தாண்டியவர் ஐந்நூற்று எழுபத்தொருவர் என்று எழுதிவிட்டுக் கேட்டாள்:

"சின்ன வயசுக்காரங்க யாருமே இல்லையா தாத்தா?"

"ஏன் இல்லாம? சுடலைமணி இருக்கான்."

"அவருக்கு என்ன வயசு?"

"அம்பத்தெட்டு."

அவள் பேனாவை மூடிவிட்டாள்.

பாவம் சுடலைமணி. மருந்து வாங்கவா சுடலைமணி, பல்பு மாட்டவா சுடலைமணி, பாத்ரூமில் விழுந்தவரைத் தூக்கவா சுடலைமணி. ஒருநாள் நடு வீதியில் நின்று, "ஏ, எனக்கும் முட்டி வலிக்கி!" என்று கத்தினான். ஊருக்கெல்லாம் கேட்டது.

சாகாதது வேறே, நோகாதது வேறே. இது நாலாம் வருஷம்தான் எங்களுக்கு உறைத்தது. புற்று வந்தவனுக்குப் புற்று வளர்ந்தது, அவன் மட்டும் முடியவில்லை. இடுப்பு ஒடிந்தவன் ஒடிந்தபடி கிடந்தான். சிலர் வண்டி பிடித்து மதுரைக்கும் வேலூருக்கும் போய்ப் படுத்துப் பார்த்தார்கள், பிரயோஜனமில்லை, காப்பு ஊருக்குக் கட்டியது, ஊர்க்காரன் எங்கே போனாலும் அது கூடவே போகிறது. பெற்ற பிள்ளைகள் முதலில் மாசத்துக்கொருமுறை வந்தார்கள், அப்புறம் பொங்கலுக்கு, அப்புறம் போனில். அப்பா எப்படியும் இருப்பார் என்று தெரிந்தபின் எவன் லீவு போட்டு வருவான்?

நானும் என் மகனைக் கூப்பிட்டேன். "தேருக்கு ஆள் சேத்துக்கிட்டு வாடே."

"யப்பா, எனக்கே ரெண்டு முட்டியும் ஆபரேஷன் பண்ணியிருக்கு. என் மகன் ஜெர்மனில இருக்கான். நான் யாரக் கூட்டிட்டு வர?"

என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் கட்டி. மூன்றாம் வருஷம் கண்டுபிடித்தார்கள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு என்னை மட்டும் தனியே கூப்பிட்டு மூன்று மாசம் என்றார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊர் உமக்குத் தெரியாது என்றேன்.

எட்டு வருஷம் ஆனது. அவள் ஒரு குடத்தின் எடைக்கு வந்துவிட்டாள். மருந்து கேட்கும், கொஞ்ச நேரம், அப்புறம் கேட்காது. மேல வீதிப் பக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தேர்ச்சக்கரம், சக்கரத்து ஆரக்கால்களுக்கு நடுவே துண்டு துண்டாகத் தெரிகிற வீதி. அதைப் பார்த்தபடி படுத்திருப்பாள். வலி வரும்போது கத்தமாட்டாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வாள். அந்தக் கம்பியில் அவள் பிடிக்கிற இடம் மட்டும் பெயின்ட் போய்ப் பளபளத்தது.

"தேர எடுக்கச் சொல்லுங்க" என்பாள்.

"ஆள் இல்லளா."

"ஆளா இல்ல?"

ஆள் இருந்தது. ஊருக்குத் தெற்கே ரெண்டு மைலில் நூல் மில், மில்லுக்குள் விடுதி, விடுதியில் நானூறு பெண்பிள்ளைகள், பாதிக்குமேல் ஒடிசாப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சோப்பும் வளையலும் வாங்க ஊருக்குள் வருவார்கள், வெயிலுக்குத் தேர் நிழலில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுவார்கள். என் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுக்கச் சொல்வாள், நான் முறைத்தபடி கொடுப்பேன். அப்படி ஆரம்பித்து, ஒருத்தி உள்ளே வந்து அவளுக்குத் தலைவாரிவிட்டாள், மறுவாரம் இன்னொருத்தி கால் பிடித்துவிட்டாள். ரெண்டு மூன்று வருஷத்தில் அவர்கள் வேலைக் காலம் முடிந்து ஊர் திரும்புவார்கள், போகிறவள் வருகிறவளைக் கூட்டிவந்து என் வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள். கடைசியாக ஒப்படைக்கப்பட்டவள் பாசந்தி. கறுப்பாய், பல் நீண்டு, எதற்கும் சிரிக்கிற பிள்ளை. நான் வாய் திறக்கிற வீட்டில் வேறு யாராவது சிரிக்க நான் பார்த்ததில்லை.

"தாத்தா, ரத் ஏன் போகல?" என்று தேரைக் காட்டிக் கேட்டாள் வந்த புதிதில்.

"இழுக்க ஆள் இல்ல."

"நான் ஆளு. எங்க ஊர்ல ரத் எல்லாரும் இழுக்கும். அம்மா, அக்கா, நானு, எல்லாரும்."

"இங்க முறை இருக்கு."

"முறை யாரு தாத்தா?"

போ, தட்டைக் கழுவு என்றேன்.

பத்தாம் வருஷம் ஆவுடையப்பன் வந்தான். பழைய போஸ்ட்மாஸ்டர், என் சேக்காளி, தொண்ணூற்றேழு வயது, சுடலைமணி தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஆவுடையப்பன் மடியில் ஒரு மனு. நானூறு கையெழுத்து, எல்லாம் நடுங்கின கையெழுத்து, பாதி பெருவிரல் ரேகை.

"என்ன எழுதியிருக்கு?" என்றேன்.

"எங்களச் சாக விடும்னு எழுதியிருக்கு வேய்."

"எனக்கா எழுதுன? எமனுக்கு எழுது."

"எமனுக்கு எழுத விலாசம் வேணும்லா. உம்ம விலாசம்தான் தெரியும். மில்லுப் பிள்ளைகளக் கூப்பிடும். ஒரு கையக் காட்டும். அரை மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்."

"பொம்பளை, அதுவும் அசலூர்க்காரி, அம்மன் தேரத் தொடவா?"

"அம்மன் யாருவே? ஆம்பளையா?"

சுடலைமணி சிரித்துவிட்டான். நான் மனுவை நாலாகக் கிழித்தேன். ஆவுடையப்பன் கிழிசலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். நாற்பது வருஷம் தபாலைக் காப்பாற்றினவன், ஒரு காகிதத்தைக் கிழித்து அவன் பார்த்ததில்லை. வண்டியைத் திருப்பச் சொன்னான்.

முறை, முறை என்று ஊருக்குச் சொன்னேன். முறையாவது. கொடி இறங்கினால் அந்த நிமிஷமே அவள் போய்விடுவாள். மூன்று மாசம் என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு நான் ஒருத்தன் கையைத் தூக்காமல் இருந்ததால்தான் அவள் இருந்தாள். ஆரம்பத்தில் திமிர்தான், இசக்கிராஜிடம் காட்டியது சுத்தத் திமிர். மூன்றாம் வருஷத்திலிருந்து பயம். ரெண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் போர்த்தியிருந்தேன். அறுநூறு பேர் நொந்து கிடந்தது ஒரு கிழவன் வீட்டில் தனியாக இருக்கப் பயந்ததால். அப்படிச் சொல்லவேண்டியிருக்கிறது, சொல்லிவிட்டேன்.

பதினோராம் வருஷம், ஆனி, ஞாயிற்றுக்கிழமை. முடிவெட்டக் கிழக்கு வீதிக்குப் போயிருந்தேன். பாதித் தலை வெட்டினபோது ஊரின் சத்தம் நின்றது. காது கேளாத ஊர் எப்போதும் சத்தம் போடும், அது நின்றால் உடம்புக்குத் தெரியும். கழுத்தில் துணியோடு எழுந்து வந்தேன்.

மேல வீதி முழுக்கப் பெண்பிள்ளைகள். மில்லில் ஷிப்டு இல்லாதவர்கள் அத்தனை பேரும், முன்னூறுக்கு மேலே, வடத்தின் ரெண்டு பக்கமும் வரிசையாக நின்றார்கள், ஒருத்தியும் இன்னும் வடத்தைத் தொடவில்லை. வடத்தின் தலைமாட்டில் நாலு பேர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். நாற்காலியில் என் வீட்டுக்காரி. தலையில் என் பரிவட்டம். பெட்டியைத் திறந்து பாசந்தி எடுத்துக் கொடுத்திருக்கிறாள். வீதியின் ரெண்டு பக்கமும் பெஞ்சுகளிலும் கட்டில்களிலும் வாசல்களிலும் ஊர் உட்கார்ந்து பார்த்தது.

"ஏளா, இறங்கு" என்றேன்.

"இறங்க மாட்டேன்."

"பரிவட்டத்தக் கொடு."

"பரிவட்டம் கட்டுனவக கையக் காட்டுனாத்தான் வடம்னு நீங்கதான சொல்லுவிய. இப்ப நான் கட்டியிருக்கேன்."

"பொம்பள கட்டக்கூடாது."

"கட்டியாச்சே" என்று யாரோ கட்டிலிலிருந்து சொன்னார்கள். ஆவுடையப்பன் குரல்.

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் போனேன். மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசப் பார்த்தேன், அந்த ஊரில் எனக்கு அப்படிப் பேசத் தெரியாமல் போயிருந்தது.

"வேண்டாம்ளா. இறக்குனா நீ போயிருவ."

"தெரியும்."

"நான் என்ன செய்ய?"

"என்னைய வச்சிருக்கணும்னுதான் இந்த ஊரையே புடிச்சு வச்சிருக்கிய. எனக்குத் தெரியாதாக்கும்?"

"எப்பலருந்து தெரியும்?"

"டாக்டரு சொன்ன அன்னிக்கே. நீங்க வீட்டுக்கு வந்து சிரிச்சியல்லா, அப்பவே."

"ஏன் கேக்கல?"

"நீங்களா விடுவியன்னு பாத்தேன். எட்டு வருசம் பாத்தாச்சு." மூச்சு வாங்கினாள். "வலிக்கி. வந்து பிடிங்க. இல்லன்னா ஒதுங்குங்க."

நான் பிடிக்கவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. பாதி வெட்டிய தலையோடு நின்றேன். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கேட்டது ஒன்றே ஒன்று, வந்து பிடி என்றாள். மூன்று தலைமுறையாக வடம் பிடிக்கிற குடும்பம் என்று தோளைத் தட்டிக்கொண்டவன் அந்த ஒரு தடவை பிடிக்காமல் நின்றான்.

அவள் என்னைத் தாண்டி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள். சுள்ளி போலக் கை.

"டாண!" என்றாள். இழு என்று அவர்கள் பாஷை. ஜன்னல் வழியாகக் கற்றது.

முன்னூறு பெண்பிள்ளைகள் குனிந்து வடத்தை எடுத்தார்கள். தேர் என்னைத் தாண்டிப் போனது. பதினோரு வருஷம் நின்றதற்கு ஒரு முனகல்கூட இல்லை. சக்கரத்தடியில் முளைத்திருந்த அரளியை நசுக்கிக்கொண்டு, வடக்கு வீதி திரும்பி, பின்னால் எழுந்து நடக்க முடிந்த கிழடுகள் எல்லாம் கம்பும் வாக்கருமாகப் போக, தள்ளுவண்டியில் ஆவுடையப்பன் எல்லாருக்கும் முன்னால் போகச் சொல்லிச் சுடலைமணியைத் திட்டிக்கொண்டே போக, முக்கால் மணி நேரத்தில் தேர் நிலைக்கு வந்தது. நண்பகல் பன்னிரண்டு மணிக்குக் கொடியை இறக்கினார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலியைத் தேரடியில் இறக்கி வைத்திருந்தார்கள். பாசந்தி மண்ணில் உட்கார்ந்து அவள் காலை மடியில் வைத்திருந்தாள். என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரிக்காமல் இருந்தாள். எனக்குப் புரிந்துபோனது.

அந்த வாரம் நூற்று நாற்பது பேர் போனார்கள். ஆவுடையப்பன் அன்று சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, ரெண்டாம் டம்ளர் கேட்டு, அது வருவதற்குள் போனான். பிள்ளைகள் எல்லா நாட்டிலிருந்தும் வந்தார்கள், அவர்களுக்கும் வயதாகியிருந்தது, பெற்றவர்களைத் தூக்க முடியாமல் வண்டி வைத்துக் கொண்டுபோனார்கள். அழுதவர்களைவிட நிம்மதியாகப் பெருமூச்சு விட்டவர்கள் அதிகம். என்னை யாரும் ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

எனக்கு இன்னும் சாவு வரவில்லை. தொண்ணூற்று மூன்று. காலி வீடுகளில் மில்லுக்காரக் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன, பள்ளிக்கூடத்தைத் திறக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பெஞ்சுகளைத் திரும்பக் கேட்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே இப்போது முழு வீதியும் தெரிகிறது. பார்க்கத்தான் ஆளில்லை.

போன மாசம் புதிதாக வந்த கோயில் அதிகாரி, இதுவரை முதல் வடம் பிடித்தவர்கள் பேரைச் சுவரில் எழுதப்போகிறோம் என்றார். தாத்தா பேர், அப்பா பேர், என் பேர் எழுதியாயிற்று. பெயின்டர் ஏணியில் நின்றபடி, தேர் நிலைக்கு வந்த அந்த வருஷம் யார் பேர் எழுத என்று கேட்டான். என் சம்சாரம் பேர் என்றேன். சொல்லுங்க என்றான்.

எழுபது வருஷம் ஏளா, இந்தாளா, எங்க போயிட்ட என்றே கூப்பிட்டேன். அவள் பேரை நான் வாயால் சொன்னதே இல்லை, சொல்லவேண்டிய அவசியமும் வந்ததில்லை, கூப்பிடுமுன் வந்து நிற்பாள். பெயின்டர் பிரஷைத் தொட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான். பெயின்ட் சொட்டியது. காயுமுன்ன சொல்லுங்க தாத்தா என்றான்.

சொன்னேன். பெரிய பேர், எழுத இடம் போதுமா என்றான். போதாவிட்டால் என் பேரை அழித்துக்கொள் என்றேன்.

குழல்வாய்மொழி.